கிளாக் நடன வகுப்புக்கு வாசிப்பது: கேள்வி பதில்

வட இங்கிலாந்தில் லங்காஷயர் கிளாக் நடன வகுப்பு ஒன்றில் ஃபிடில் வாசிக்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கிளாக் என்றால் என்ன அக்கா?

அடியில் மரக்கட்டை வைத்த தோல் ஷூ. அந்தக் காலத்தில் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். அதை வைத்தே தரையில் தட்டித் தாளம் போடும் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் மேடை ஏறியது. சார்லி சாப்ளின்கூடச் சின்ன வயதில் ‘எயிட் லங்காஷயர் லாட்ஸ்’ என்ற கிளாக் குழுவில் ஆடியவர்தான்.

நான் கர்நாடக வயலின் படித்தவள். வாசிக்க வரலாமா?

தாராளமாக. மெலோடியன் (பொத்தான் வைத்த துருத்தி வாத்தியம்) வாசிப்பவரோடு சேர வேண்டுமே, அதனால் தந்திகளை ஜி, டி, ஏ, இ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ன்பைப் என்பது கிளாக் ஆட்டத்துக்கு வாசிக்கும் ஒரு வகை நடன மெட்டு. அதில் ஒவ்வொரு அடிக்குள்ளும் முதல் ஸ்வரம் நீளம், அடுத்தது குட்டை. தாளில் மூன்றுக்கு ஒன்று என்று எழுதியிருந்தாலும், வாசிக்கும்போது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றுதான் வரும். திஸ்ர நடையில் ‘தகி’யைச் சேர்த்து இழுத்து, ‘ட’வைத் தனியாக விட்டுப் பாருங்கள், பிடிபட்டுவிடும். கமகத்தை மட்டும் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள்.

ஹார்ன்பைப் மட்டும்தானா?

இல்லை. ஜிக், ரீல், வால்ட்ஸ் என்று மற்ற நடன மெட்டுகளும் உண்டு.

மெட்டும் ஸ்டெப்பும் எப்படிப் பொருந்துகின்றன?

பெரும்பாலான ஹார்ன்பைப் மெட்டுகளுக்கு 8 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) கொண்ட இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் 32 பார். ஸ்டெப்பை, அதாவது ஒரு காலடிக் கோவையை, வலது காலில் 8 பார் ஆடி, அதையே இடது காலில் 8 பார் ஆடுவார்கள். அந்த 8இல் முதல் 6தான் ஸ்டெப், கடைசி 2 முடிப்பு. பழைய போட்டிகளில் நடுவர்கள் மேடைக்கு அடியில் உட்கார்ந்து காலோசையை மட்டும் கேட்டு மார்க் போட்டார்கள் என்று சொல்வதுண்டு. அப்படிக் கேட்க வேண்டிய இடம் அந்த முடிப்பு. அங்கே போய் நாம் சங்கதி போட்டுக்கொண்டிருந்தால் ஆடுபவரின் உழைப்பு வீண். நான் வில்லைச் சுருக்கி, அடிகளை மட்டும் தொட்டுக் காட்டுவேன்.

ரெக்கார்டிங் போட்டால் போதாதா?

தெரிந்ததை ஆடப் போதும், கற்றுக்கொள்ளப் போதாது. “அஞ்சாவது பாரிலிருந்து, பாதி வேகத்தில், மறுபடியும்” என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார். நமக்கும் அங்கேதான் சோதனை. வேகம் குறைந்தால் அந்த நீளம்-குட்டை சமமாகிவிடப் பார்க்கும், கால்களும் பின்னாலேயே தட்டையாகிவிடும்.

ஆடுபவர்கள் ஓடினால் நாமும் ஓட வேண்டுமா?

வகுப்பில் கூடாது, பிடித்து நில்லுங்கள். மேடையில் ஒருவர் தனியாக ஆடினால் அவர் வைத்ததுதான் சட்டம்.

எங்கே உட்காருவது? எப்படித் தொடங்குவது?

பாதங்கள் தெரிகிற இடத்தில். இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்ட் மறைத்தால் மெட்டை மனப்பாடம் செய்துவிடுங்கள். தொடக்கத்துக்கு மெட்டின் கடைசி 2 பாரை வாசித்தால் போதும். அதிலேயே வேகமும் நடையும் தெரிந்துவிடும், யாரும் ‘ஒன், டூ’ கத்த வேண்டியதில்லை.