ஆண்டு முழுவதும் சென்சார் அணிய அஞ்சலகச் சேமிப்பை முடிக்கலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 66. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரவில் சர்க்கரை இறங்கி இருமுறை நினைவு தடுமாறியதால், புதுச்சேரியில் மருத்துவர், சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் 14 நாள் சென்சார் ஒன்றைக் கையில் பொருத்தினார். விலை 5,000 ரூபாய். அளவுகளைத் தன் கைப்பேசியில் பார்க்க முடிவதால், பெங்களூரில் வேலை செய்யும் மகன் ஆண்டு முழுவதும் அணியச் சொல்கிறான். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் 8.2 சதவீத வட்டியில் போட்ட 15 லட்சம் ரூபாய் மூத்த குடிமக்கள் சேமிப்பும், மாதம் 12,000 ரூபாய் கடை வாடகையும்தான் எங்கள் வருமானம். மருத்துவக் காப்பீடு இல்லை. சேமிப்பை முடித்துவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: முடிக்க வேண்டாம், அம்மா. 14 நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26 சென்சார், அதாவது 1,30,000 ரூபாய். உங்கள் சேமிப்பு தரும் ஆண்டு வட்டியோ 1,23,000 ரூபாய்தான். இந்தத் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே மூட வேண்டும். இரண்டாண்டு கடந்து ஐந்தாண்டு நிறைவதற்குள் மூடினால் அசலில் ஒரு சதவீதம், உங்களுக்கு 15,000 ரூபாய், பிடித்தம் செய்வார்கள். வட்டி வரவும் அத்தோடு நின்றுவிடும்.

அதற்காகச் சென்சாரை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். மாத்திரையில் கட்டுப்படும் சர்க்கரைக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு தூக்கத்தில் 70க்குக் கீழே இறங்குபவரின் நிலை வேறு. எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது, இன்சுலின் அளவு சீராகும் வரை எத்தனை மாதம் தொடர்ந்து அணிய வேண்டும், அதன்பின் காலாண்டுக்கு ஒன்று போதுமா என்பதே. முதல் மூன்று மாதத்துக்கு ஏழு, மற்ற மூன்று காலாண்டுகளுக்கு ஒவ்வொன்று என அவர் ஒப்புக்கொண்டால், ஆண்டுச் செலவு 50,000 ரூபாயில் அடங்கும். சர்க்கரை இறங்குவது உடலுக்கே தெரியாத நிலை அவருக்கு இருப்பதாக மருத்துவர் கருதினால், இந்தச் சிக்கனக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள்.

சென்சார் காட்டுவது தோலுக்கடியில் உள்ள திரவத்தின் சர்க்கரை. இரத்த அளவு வேகமாக மாறும்போது அது சில நிமிடம் பின்தங்கும். ஆகவே விரலில் குத்திப் பார்க்கும் கருவியைத் தூக்கிப்போட முடியாது. ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய், நாளுக்கு இரண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 14,600 ரூபாய். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூர்ப் புழுக்கத்தில் வியர்த்து, ஒட்டிய சென்சார் நாள் முடியுமுன் கழன்று விழுவதும் உண்டு. அப்படி ஆனால் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டு, பெட்டியையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். காலாவதித் தேதி இருப்பதால் மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம்.

இந்தச் செலவை ஏற்க வேண்டியவர் யோசனை சொன்ன மகனே என்பது என் கருத்து. மகன் பெற்றோருக்குத் தரும் பணத்துக்கு உங்களிடம் வருமான வரி கிடையாது. அதைவிட முக்கியம், காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை, வருமான வரிச் சட்டப்படி (பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டி பிரிவு) பிள்ளைகள் தங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது. மகன் பழைய வரிமுறையில், 30 சதவீத அடுக்கில் இருந்தால் மேல்வரியோடு 15,600 ரூபாய் மிச்சமாகும். புதிய வரிமுறையில் இச்சலுகை இல்லை. உங்கள் இருவரின் வருமானத்துக்கோ வரியே வராது, ஆகவே நீங்கள் செலுத்தினால் அந்தக் கழிவு யாருக்கும் பயன்படாது.

காப்பீடு எடுக்க இப்போதும் வழி உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்றாண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது இப்போதைய விதி. சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் வழக்கமான காப்பீடு மருத்துவமனையில் சேரும் செலவுக்குத்தான், வீட்டில் அணியும் சென்சாருக்கு அல்ல. கணவர் பெயரில் காப்பீடு வந்துவிட்டால் அவருக்கான மேற்சொன்ன செலவுக் கழிவும் போய்விடும், பிரீமியத்துக்கான கழிவு மட்டுமே கிடைக்கும். அப்படியிருந்தும் காப்பீட்டைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அதுவரை, மருந்துக்கடையில் ரொக்கமாகத் தர வேண்டாம். ரொக்கத்துக்குக் கழிவு கிடையாது. மகனே தன் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் செலுத்தட்டும். மருத்துவரின் சீட்டையும், கணவர் பெயரிட்ட ரசீதையும் மகனே வைத்துக்கொள்ளட்டும்.