சப்ளை செயின் வேலைகளை ஏன் பலர் கண்டுகொள்வதில்லை?

நல்ல வேலைவாய்ப்பு இருந்தும் படித்தவர்கள் ஏன் சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ் பக்கம், அதாவது பொருளை வாங்கி, சேமித்து, வேண்டிய இடத்தில் கொண்டுசேர்க்கும் வேலைகளின் பக்கம் திரும்புவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பார்வையில் முதல் காரணம், இந்த வேலை ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாது. பொருள் நேரத்துக்கு வந்து சேர்ந்தால், அதற்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டிருப்பார் என்று யாருக்கும் தோன்றாது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி 6 நாள் வழியை அடைத்தபோதுதான் பலர் இந்தத் துறையைப் பற்றியே பேசினார்கள். கப்பல் நகர்ந்ததும் பேச்சும் அடங்கிவிட்டது.

அப்புறம், டாக்டரையும் ஆசிரியரையும் சிறுவயதிலேயே பார்த்துவிடுகிறோம். சரக்கு இருப்பைத் திட்டமிடுகிறவரை எங்கே பார்க்கிறோம்?

லாஜிஸ்டிக்ஸ் என்றாலே லாரியும் கிடங்கும் மட்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அந்த உழைப்பு இல்லாமல் எதுவும் நகராது, உண்மைதான். ஆனால் அதோடு முடிவதில்லை. அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்று கணிக்க வேண்டும். இருப்பு அதிகமானால் பணம் முடங்கும், குறைந்தால் வாடிக்கையாளர் வேறு இடம் போவார். சப்ளையரிடம் பேரம் பேச வேண்டும், சுங்க ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும். கணக்கும் மனிதர்களும் ஒருசேரப் பிடித்தவர்களுக்கு இது அருமையான வேலை.

மேலே போக வழியில்லை என்று நினைக்காதீர்கள். டிம் குக் 1998இல் ஆப்பிளில் சேர்ந்தது இந்தப் பொறுப்புகளைக் கவனிக்கத்தான். 2011இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.