ஜெர்மனியில் பழைய வாஷிங் மெஷின் வாங்கும் முன்

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் காலி வீடு கிடைத்திருக்கிறது, க்ளைன்அன்சைகன் என்ற பழைய பொருள் வாங்கி விற்கும் இணையதளத்தில் ஒரு வாஷிங் மெஷின் பார்த்தேன், விற்பவர் ஹாம்பர்க்கில் இருக்கிறாராம், பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக 150 யூரோ போட்டால் பார்சலில் அனுப்புகிறாராம், போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

போட வேண்டாம். வாஷிங் மெஷின் அறுபது எழுபது கிலோ இருக்கும். டிஹெச்எல் சாதாரண பார்சலுக்கு 31.5 கிலோதான் உச்ச அளவு. அவர் அனுப்பப் போவதே இல்லை. அந்த 'நண்பர்கள்' வழி, தெரிந்தவர்களுக்குள் சாப்பாட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதற்கு உள்ளது. பொருள் வரவில்லை என்றால் வாங்கியவருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் அதைக் கேட்பார்கள்.

நான் வந்த புதிதில் இப்படித்தான் ஒரு லேப்டாப்புக்கு 180 யூரோ அனுப்பி இழந்தேன். நம்பிக்கைக்காக அந்த ஆள் தன் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த அட்டை எனக்கு முன்னால் ஏமாந்த வேறொருவருடையது என்பது புகார் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அதனால் உங்கள் பாஸ்போர்ட்டையோ விசா அட்டையையோ படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நாளைக்கு அதைக் காட்டி இன்னொருவரை ஏமாற்றுவார்கள்.

இதற்காகப் பயந்து எல்லாவற்றையும் கடையில் புதிதாக வாங்க வேண்டியதில்லை. என் வீட்டு மேஜை, அலமாரி, மகளின் சைக்கிள் எல்லாம் பழையதாக வாங்கியவைதான். எனக்கு ஒரே விதி: பொருள் இருக்கும் வீட்டுக்கு நானே போவேன், பார்த்த பிறகு அங்கேயே காசு கொடுப்பேன். தேடும்போது உங்கள் அஞ்சல் எண்ணைப் போட்டு, சுற்றளவை 10 கிலோமீட்டராக வையுங்கள். 2023 வரை இந்தத் தளத்தின் பெயரில் ஈபே என்பதும் சேர்ந்திருந்தது. பழைய ஆட்கள் இன்னும் 'ஈபேயில் பார்' என்பார்கள். குழம்ப வேண்டாம், அவர்கள் சொல்வது இந்தத் தளத்தைத்தான். ஈபே என்பது வேறு தளம்.

விலைக்குப் பக்கத்தில் 'ஃபவ்பே' (VB) என்ற இரண்டு எழுத்து இருந்தால் பேரம் பேசலாம் என்று பொருள். ஆனால் எடுத்தவுடன் 'கடைசி விலை என்ன' என்று கேட்டால் பலர் பதிலே போடமாட்டார்கள். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, எந்த நாள் எத்தனை மணிக்கு வந்து எடுத்துக்கொள்வேன் என்று ஜெர்மனில் நாலு வரி எழுதுங்கள். பேரத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

மெஷினைக் கழற்றி வைப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள். ஒரு சின்ன புரோகிராம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கேட்பது தப்பில்லை. டிரம்மைக் கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரக்கூடாது. வந்தால் பேரிங் போய்விட்டது, விட்டுவிடுங்கள். கதவு ரப்பரை விரித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், டிரம்மை அசையாமல் பிடிக்கும் போக்குவரத்து போல்ட்டுகள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் வண்டியில் ஏற்றினால் நல்ல மெஷினும் வழியிலேயே கெட்டுப்போகலாம்.

விளம்பரத்தின் கடைசியில் 'தனியார் விற்பனை, திருப்பி எடுக்கமாட்டேன்' என்று எழுதியிருப்பார்கள். அது இங்கே வழக்கம்தான், பொதுவாகச் சட்டப்படி செல்லும். தெரிந்தே குறையை மறைத்தால் செல்லாது. ஆனால் மறைத்ததை நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும் என்பதால் அங்கேயே சோதித்துவிடுவது நல்லது.

சைக்கிள் வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மன் சிவில் சட்டம் 935-ஆம் பிரிவுப்படி, திருட்டுப் பொருளை நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் அது உங்களுடையது ஆகாது. உண்மையான சொந்தக்காரர் வந்தால் கொடுத்துவிட வேண்டும், உங்கள் காசும் போகும். பழைய ரசீதைக் கேளுங்கள். பெரும்பாலும் பெடலுக்குக் கீழே சைக்கிள் ஃபிரேமில் ஒரு எண் பொறித்திருக்கும். அதையும் விற்பவர் பெயர், முகவரியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பின்னால் நீங்கள் எதையாவது விற்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். 'பணம் கட்டிவிட்டேன், இந்த இணைப்பில் உங்கள் கார்டு எண்ணைப் போட்டால் வந்துவிடும்' என்று வாட்ஸப்பில் செய்தி வரும். அப்படியே தளத்தின் பக்கம் போலவே இருக்கும், ஆனால் போலி. தளத்தின் உள்ளே நடக்கும் உரையாடலை விட்டு வெளியே போகவே போகாதீர்கள்.

இதற்குள் அந்த ஹாம்பர்க் ஆளுக்குப் பணம் போட்டிருந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். போலீஸ் புகாரை இணையத்திலேயே பதியலாம். ஜெர்மன் எழுத வராவிட்டால் நான் எழுதித் தருகிறேன்.

சனிக்கிழமை ஏதாவது மெஷின் பார்க்கப் போவதாக இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். மூட்டை தள்ளும் வண்டி ஒன்று என் வீட்டு நிலவறையில் இருக்கிறது. மாடிப்படி இறக்க இரண்டு பேர் வேண்டும், நானும் வருகிறேன்.