துன்னியாமே என்று கேட்காத குரல்

கேள்வி: எதிர்காலத்தில் நடப்பதாக நான் எழுதிய கவிதையில், கடலில் கணவரை இழந்த காசிமேட்டுப் பெண் ஒருத்தி, அவர் குரலில் பேசும் இயந்திரத்தோடு குடும்பம் நடத்துகிறாள். இது மேனாட்டுக் கற்பனை, தமிழ்க் கவிதைக்கு ஒட்டாது என்கிறார்கள் நண்பர்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாக ஒட்டும். கடலையும் கானலையும் மரத்தையும் பறவையையும் விளித்து, அவை ‘சொல்லுந போலவும் கேட்குந போலவும்’ பேசுவதற்குத் தொல்காப்பியச் செய்யுளியலே இடம் தந்திருக்கிறது. ஆனால், நெய்தல் தலைவி எவ்வளவு புலம்பினாலும் கடல் மறுமொழி சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் அவளுடைய துயரம் நம் காதில் விழுகிறது. உங்கள் இயந்திரமோ உடனுக்குடன் பதில் சொல்லிவிடுகிறது. புலம்பக்கூட இடமில்லாத அந்த உலகம் என்னை உண்மையிலேயே அச்சுறுத்தியது.

1966-இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற கணினி உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, சற்று நேரம் அதனோடு உரையாடியதும், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். ஸ்வீடன் கவிஞர் ஹாரி மார்ட்டின்சன் 1956-இல் 103 பாடல்களாக எழுதிய ‘அனியாரா’வில், திசை தவறிய விண்கப்பலின் மக்கள் ‘மீமா’ என்ற இயந்திரத்திடம் ஆறுதல் தேடுகிறார்கள். பூமியின் அழிவைக் கண்ட துயரம் தாளாமல் மீமாவே செயலிழந்துபோகிறது. உங்கள் இயந்திரத்துக்குத் துயரமும் தெரியாது, ஊடவும் தெரியாது. அதனால் அது மீமாவைவிடக் கொடியது.

உங்கள் கவிதையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. விசைப்படகுகள் கரைசேரும் விடியலில், ஐஸ் உடைக்கும் ஓசைக்கு நடுவே, இயந்திரம் “உணவு அருந்தினாயா?” என்று கேட்கிறது. குரல் என்னவோ அவருடையதுதான், ஆனால் அவர் இருந்திருந்தால் “துன்னியாமே?” என்றல்லவா கேட்டிருப்பார்! வலை ஊசி பிடித்த அவள் கை அப்படியே நின்றுவிடுகிறது. அதன்பின் உலோகத் தோலையும் மின்கம்பிகளையும் விவரிக்கும் மூன்று பத்திகளை நீக்கிவிடுங்கள். அவள் எரிச்சலோடு “பேசாதே” என்கிறாள். சண்டை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய்ப் படுத்துவிடும் அந்த மனிதரின் குரல், முதன்முறையாக அவளிடம் மன்னிப்புக் கேட்கிறது. கவிதை அவ்விடத்திலேயே முடியட்டும். திருத்தியபின் மீண்டும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.