சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை

வணக்கம் அக்கா,

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். போன மாதம் எங்கள் கம்பஸில் ‘உலகமயமாக்கலும் அதன் மனித விளைவுகளும்’ என்று மூன்று நாள் படவிழா நடந்தது. நானும் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். கடைசி நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா 2003 இலிருந்து 2012 வரை பெய்ரூத்தில் வீட்டு வேலை செய்தவர். அன்றைய படம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையைப் பற்றியது. சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும். பிறகு நடந்த கலந்துரையாடலும் ஆங்கிலத்தில்தான். அதில் கதைத்த ஒருவர், மத்திய கிழக்குக்குப் போன எங்கள் பெண்களையும் சேர்த்து ‘உலகமயமாக்கலின் பலியாடுகள்’ என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் வீடும், என் டியூஷன் காசும் அம்மா உழைத்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதை எல்லாம் அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவாம்? அத ஒருத்தரும் கேக்கல்லையே?”

என் கோபம் சரியா அக்கா? அடுத்த வருடக் குழுவுக்கும் கூப்பிடுகிறார்கள். போகவா, விடவா? போனால் என்ன படம் போடலாம்?

(பெயர் வேண்டாம்)

—

அன்புள்ள தங்கைக்கு,

கோபம் முக்கால்வாசி சரி. மிச்சக் காலுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தத் தலைப்பு. ‘மனித விளைவுகள்’ என்று போட்டவுடனேயே மனிதர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார். முடிவெடுப்பவர்கள் வாஷிங்டனிலோ வேறெங்கோ இருக்கிறார்கள், வந்து விழுவதைத் தாங்கிக்கொள்ளத்தான் நாங்கள். இப்படிப் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, அடுத்த வருடமே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்தைத் தொடங்கினார்கள். அங்கே தைக்க வந்த கிராமத்துப் பெண்களுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் ‘ஜூகி’. ஜூகி என்பது அவர்கள் முன்னால் இருந்த ஜப்பான் தையல் மெஷினின் பெயர். மெஷினின் பெயரால் பெண்ணைக் கூப்பிட்டுப் பழகிய ஊரில் ‘பலியாடு’ என்று கேட்டால் கை தானாகத் தட்டும்.

அந்தப் பேச்சாளர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் அம்மா கேட்டது அவரைவிடப் பல படி மேலே நிற்கும் கேள்வி. சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர் திரையில் இருக்கும் பிள்ளையைத் தன்னைப்போல ஒரு உழைப்பாளியாகப் பார்க்கிறார். போடிங் அறை வாடகை எவ்வளவு, ஓவர்டைமுக்கு என்ன கொடுக்கிறார்கள், வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று அடுத்தடுத்து வருவதெல்லாம் அதே கேள்விதான். அழுதுவிட்டு எழுந்து போகும் பார்வையாளருக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

இந்தக் கணக்கு நாட்டையே ஆட்டியதை நாம் பார்த்தோம். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020 இல் ஏறக்குறைய 710 கோடி டொலர். 2022 இல் அது 380 கோடிக்கு இறங்கிவிட்டது. டொலரை 200 ரூபாய் சுமாரில் கட்டி வைத்திருந்த காலம் அது. வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல் வழியில் அதைவிட நல்ல விலை கிடைத்தது. ‘வங்கியில் போடுங்கள்’ என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறையப் பேர் போடவில்லை. வேறு காரணங்களும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாம் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது, அந்த வரிசையின் ஒரு நுனி றியாத்திலும் டோஹாவிலும் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தவர்களின் கையில் இருந்தது. இவர்களை ஆடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, மிச்சக் கால். அம்மா வென்று வந்தார் என்பதால் அந்த ஏற்பாடு நல்லதாகிவிடாது. லெபனானில் இருக்கும் கஃபாலா முறையில் விசா எஜமானின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவர் சம்மதிக்காமல் வேலை மாற முடியாது, பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் அவரிடம்தான். 2006 ஜூலையில் அம்மா பெய்ரூத்தில் இருந்திருக்கிறார். இஸ்ரேலின் குண்டு விழுந்த அந்த 34 நாளில், வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்குள் எங்கள் பெண்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைப் பற்றி உங்களிடம் கதைத்திருக்கிறாரா தெரியவில்லை. கதைக்காவிட்டால் தோண்டாதீர்கள்.

மூதூர் ரிசானா நபீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி எழுதி 2005 இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. அவர் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்து, கொலைப் பழி அவர்மேல் விழுந்தபோது அவருக்கு 17 வயது. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்பது பிறகுதான் வெளியே வந்தது. 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். அதே வருடம் இங்கே ஒரு விதி வந்தது: வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவர வேண்டும். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று தாயிடம் கேட்டார்கள். வெளிநாடு போகும் தகப்பன்மாரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆகவே ‘பலி’ என்ற சொல்லை முழுதாகத் தூக்கி எறியவும் முடியாது. எப்போது, யாரைப் பற்றி, எந்த மொழியில் அதைச் சொல்கிறோம் என்பதில்தான் என் சண்டை.

இனி படங்கள். மூன்று சொல்கிறேன்.

இயக்குநர் சிஸ்ஸாக்கோவின் ‘பமாக்கோ’ (2006). மாலியின் தலைநகரில் ஒரு வீட்டு முற்றத்தில் உலக வங்கியையும் சர்வதேச நாணய நிதியத்தையும் கூண்டில் ஏற்றி வழக்கு நடக்கிறது. முற்றம் இயக்குநரின் தகப்பனார் வீட்டினுடையது, வாதாடுபவர்கள் நிஜ வக்கீல்கள். ஒரு பக்கம் வழக்கு, அதே முற்றத்தில் பெண்கள் துணிக்குச் சாயம் போடுகிறார்கள், கல்யாணக் கூட்டம் ஒன்று நடுவே போகிறது. ஒரு வயதான விவசாயி சாட்சி சொல்ல எழுந்து பாட ஆரம்பித்துவிடுகிறார். அந்தப் பாட்டுக்கு மட்டும் சப்டைட்டில் கிடையாது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவரும் தெரியாதவரும் மண்டபத்தில் ஒரே நிலையில் இருக்கும் சில நிமிடங்கள் அவை. 17ஆவது தடவையாக நாணய நிதியத்தின் கடன் திட்டத்துக்குள் போன நாட்டில் இதைப் போடாமல் வேறெதைப் போடுவது?

‘மச்சான்’ (2008). 2004 இல், இல்லாத ஒரு இலங்கைத் தேசிய ஹேண்ட்போல் அணி ஜெர்மனிக்குப் போய், ஆடித் தோற்று, 23 பேரும் காணாமல் போன உண்மைக் கதையிலிருந்து எடுத்தது. எடுத்தவர் இத்தாலியர், வசனம் சிங்களம், தலைப்பு மட்டும் நம்மிடமிருந்து போனது. விசாவுக்காகத் தூதரகப் படியில் நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். உலகமயமாக்கல் படவிழாவில் யாராவது சிரித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது, லெபனான் இயக்குநர் மாஹெர் அபி சம்ரா 2016 இல் எடுத்த ஆவணப்படம். பெய்ரூத்தில் வீட்டுப் பணிப்பெண்களை எடுத்துக்கொடுக்கும் ஒரு ஏஜென்சி அலுவலகத்துக்குள் கமரா போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலாளியும் வாடிக்கையாளர்களும் கதைப்பதை நாம் கேட்கிறோம். எந்த நாட்டுப் பெண்ணுக்கு என்ன விலை என்பது உட்பட. அம்மாவின் கேள்விக்கு விடை அந்த மேசையில்தான் இருக்கிறது.

குழுவுக்குப் போங்கள். ஆனால் நிபந்தனை போட்டுவிட்டுப் போங்கள். ஒரு காட்சியாவது ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும், கட்டுநாயக்கவில் வேலை செய்பவர்களுக்கு வர முடிகிற நாள் அது ஒன்றுதான். சிங்களத்திலும் தமிழிலும் சப்டைட்டில் போடுங்கள். படம் முடிந்ததும் மைக் முதலில் மேடைக்குப் போக வேண்டாம், கீழே கொடுங்கள். நிபுணர்கள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

‘பமாக்கோ’வுக்கு நான் தமிழ் சப்டைட்டில் எழுதித் தருகிறேன், ஆங்கிலத்திலிருந்து. மூன்றாவது படத்தில்தான் சிக்கல். அது அரபியில் நடக்கிறது. ஆங்கிலத்தில் போட்டிருப்பதை நம்பி எழுத எனக்கு மனமில்லை, ஏஜென்சிக்காரர் மரியாதையாகக் கதைக்கிறாரா நக்கலடிக்கிறாரா என்பது அதில் தெரியாது. பெய்ரூத் அரபியை ஒன்பது வருடம் காதால் கேட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நான்கைந்து ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தையில் என் வீட்டில். தேத்தண்ணி என் பொறுப்பு. சம்பளமும் உண்டு. எவ்வளவு என்று அவரே சொல்லட்டும்.