புது உயிரினம் எப்படி உருவாகிறது? நம்ம டோடோவை வைத்தே பார்ப்போம்

தங்களுக்குள் இணைசேர்ந்து, பிறக்கும் குஞ்சோ குட்டியோ மறுபடி சந்ததி பெருக்க முடிந்தால், அந்தக் கூட்டம் ஒரே இனம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து பல்லாயிரம் தலைமுறை கலக்காமலே இருந்தால், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மாற்றங்கள் தனித்தனியாகச் சேர்ந்து, கடைசியில் திரும்பச் சந்தித்தாலும் இணைசேர்ந்து சந்ததி பெருக்க முடியாது; அப்போது அவை இரண்டு இனம்.

நம்ம மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்க முடியாத பறவை டோடோ; நம் அரசு முத்திரையில் நிற்கிற அது ஒரு புறா வகை என்றால் பலர் நம்புவதில்லை. இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. கடல் தாண்டிப் பறந்து வந்த முன்னோர்களுக்குத் தீவு வாழ்க்கையில் துரத்தப் பூனையில்லை, நரியில்லை, தீனி தரையிலேயே கிடைத்தது, அப்புறம் பெரிய இறக்கை வெறும் செலவுதானே? சிறிய இறக்கையோடு பிறந்தவையும் நன்றாகப் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. சுமார் 560 கி.மீ. தள்ளி ரொட்ரிக்ஸ் தீவில் அதே வம்சம் சாலிட்டேர் என்ற வேறு பறவையானது.

மொரீஷியஸில் நாம் வீட்டில் பேசுகிற கிரியோல் மொழியும் கிட்டத்தட்ட இப்படித்தான். பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆனால் பாரிஸ்காரர் நம் தலைநகர் போர்ட் லூயி சந்தையில் நின்றால் முழிப்பார்.

டோடோ சோம்பேறித்தனத்தால் பறப்பதை விட்டது என்பார்கள். அப்படியில்லை, தனிப் பறவை எதுவும் மாறவில்லை, தலைமுறை தலைமுறையாகக் கூட்டம்தான் மாறியது.