மகனுக்கும் அந்த ஊசி வேணுமோ?

தங்கச்சி, மகள் திருகோணமலை உப்புவெளியில் தரம் 6 படிக்கேக்க எச்.பி.வி. (மனித பப்பிலோமா வைரஸ்) ஊசி இரண்டும் போட்டவள், இப்ப லண்டனில் இயர் 8 படிக்கிற மகனுக்கும் அதே ஊசிக்குப் படிவம் வந்திருக்கு, ஆம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்டிருந்தீங்கள்.

கட்டாயம் போடுங்கோ. இலங்கையில் 2017 முதல் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்ததால் இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி என்று எங்கட சனத்தின் மனதில் பதிந்துவிட்டது. அதே வைரஸ் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்குறியிலும் புற்றுநோயை உண்டாக்கும். இங்கிலாந்தில் 2019 இலிருந்து ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து ஒரே ஊசிதான். மகள் போட்டது போதும். இந்த ஊசி போட்டால் பிறகு பிள்ளை பிறக்காது என்ற கதையை நம்பாதீங்கோ.

ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தால் வகுப்பே வரிசையில் நிற்கும். இங்கே சம்மதப் படிவம் திரும்பிப் போகாததால்தான் கனபிள்ளைகள் தவறவிடுகினம். லிங்க் ஈமெயிலில் வரும். பள்ளியில் பதியேக்க கொடுத்தது சொந்தக்காரரின் ஈமெயில் என்றால் உங்களுக்குத் தெரியவே வராது. முதலில் அதை மாற்றுங்கோ. விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளை 16 வயதுக்குக் கீழே என்றாலும் தானே சம்மதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, அதனால் மகனோடும் இருந்து கதையுங்கோ.

அடுத்தது ஊரில் போட்ட ஊசிகளைப் பதிந்த கிளினிக் கொப்பி. பதிவு ஒன்றும் இல்லையென்றால் ஊசியே போடாத பிள்ளையாகத்தான் ஜீ.பி. (இங்கத்தைய குடும்ப வைத்தியர்) கணக்கெடுப்பார். கொப்பி திருகோணமலையில் கிடந்தால் ஊசிப் பக்கங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கோ, தொலைந்திருந்தால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் விசாரிக்கலாம். திகதிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோங்கோ.

கனபேர் பிழைவிடுவது எம்.எம்.ஆர். ஊசியில், அதாவது சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசியில். ஊரில் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுவார்கள். இங்கே முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது. கொப்பியில் இரண்டு இருந்தாலும் இன்னொன்று வேணும். எந்த வயதிலும் இலவசம்.

இயர் 9 இல் ரெற்றனஸ், டிப்தீரியா, போலியோ சேர்ந்த ஊசியும், மூளைக்காய்ச்சலுக்கான மென் ஏ.சி.டபிள்யூ.வை. ஊசியும் வரும். இரண்டாவது ஊர் அட்டவணையில் இல்லை. மகள் இயர் 9 ஐத் தாண்டியிருந்தால் ஜீ.பி.யிடம் கேளுங்கோ, 25 ஆவது பிறந்தநாள் வரை போடலாம்.

ஊசி போடுற அன்று காலமை வடிவாச் சாப்பிட்டு, அரைக்கைச் சட்டையோடு அனுப்புங்கோ. இந்த வயதுப் பிள்ளைகள் மயங்குவது அநேகமாக ஊசிப் பயத்தாலும் வெறும் வயிற்றாலும்தான். பயம் இருந்தால் படிவத்திலேயே எழுதிவிடுங்கோ, தாதிமார் படுக்கவைத்துப் போடுவார்கள். அன்று பள்ளிக்குப் போகமுடியாவிட்டால், படிவத்தில் இருக்கிற நம்பருக்கு எடுத்து வேறு கிளினிக் நாள் கேளுங்கோ.